கரிக்குழி அண்ணாச்சி

அண்ணாச்சி கண்டக்டராக ஓடிய பஸ்ஸில் பூதப்பாண்டிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் தடிக்காரன்கோணத்தில் இறங்கியிருக்கிறார்கள். தூங்கிப்போய் அல்ல. நன்றாக விழித்துக்கொண்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் வந்து தயாராக நின்றவர்கள்தான். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பின் சீட்டில் யாருக்கோ ஒரு நியாயத்தை விளக்கிக்கொண்டிருப்பார். மழை ஏன் தள்ளிப்போகிறது என்பதாக இருக்கலாம், மருமகளை எப்படி நடத்தவேண்டும் என்பதாக இருக்கலாம். விசில் கையில்தான் இருக்கும். அதை வாயில் வைக்க வேண்டுமானால் பேச்சை நிறுத்தவேண்டும். அது அவரால் ஆகாது. விசில் கேட்காமல் பிரேக்கை மிதிக்கமாட்டேன் என்று டிரைவருக்கும் ஒரு வீம்பு. இரண்டு பேருக்கும் நடுவில் பூதப்பாண்டி ஜன்னல் வழியாகக் கடந்து போகும்.

பேர் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் பாதிப்பேர் அவருக்குச் சொந்தம் என்று சண்டைக்கு வருவார்கள். மீதிப்பேர் அவரிடம் மாட்டியவர்கள், அவர்கள் என் பக்கம். எனக்குத் தக்கலையில் ஆபீஸ் வேலை, அங்கேயே குடியும். என் அக்கா பூதப்பாண்டிப் பக்கம் அண்ணாச்சியின் வயலைப் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர்செய்தாள். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு அளந்து கொடுத்துவிட்டு மீதியைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அண்ணாச்சியிடம் வாய்ப்பேச்சுக்கா பஞ்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போவேன். அப்படித்தான் அண்ணாச்சி என் தலையிலும் விடிந்தார்.

அவர் நட்டை முறுக்கினால் மரை தேயும்வரை முறுக்குவார். தேங்காய் துருவ உட்கார்ந்தால் துருவலோடு சிரட்டையும் சேர்ந்து விழும். துட்டி வீட்டுக்குப் போய் அழுகிறவர்களைத் தேற்றுவார், அவர்கள் அழுது முடித்து, கஞ்சி குடித்து, படுக்கப் பாயை விரித்த பிறகும் தேற்றிக்கொண்டிருப்பார். ஒருதடவை ஊர்க்காரர்கள் கூட்டமாகத் திற்பரப்பு அருவிக்குப் போயிருந்தோம். எல்லோரும் குளித்து, தலை துவட்டி, துணி மாற்றி, மிளகாய் பஜ்ஜியும் தின்று பஸ்ஸுக்கு நிற்கிறோம். அண்ணாச்சி இன்னும் தண்ணீருக்கடியில்தான் நிற்கிறார். கூப்பிட்டால் ஒரு விரலைக் காட்டுகிறார், இன்னும் கொஞ்சம் என்று. ஊர் திரும்பி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். அந்தக் காய்ச்சலுக்கு வைத்த கஷாயத்தையும் வேண்டாத அளவுக்குக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்.

அவர் சம்சாரத்துக்குக் காது மந்தம் என்று ஊரில் பேச்சு. அக்காவிடம் அடுக்களையில் குசுகுசுவென்று கதை பேசும்போது அந்த மந்தம் இருக்காது. அண்ணாச்சி உள்ளே வந்தால் மட்டும் வந்துவிடும். அந்த அம்மாளை நான் கடைசிவரை குறை சொன்னதில்லை.

அண்ணாச்சியைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அத்தான் மஸ்கட்டில் கம்பி கட்டப் போனவர். பணம் வரும், ஆள் வரமாட்டார். அக்கா தனியாகப் பயிர் வைக்கத் தொடங்கியபோது, பொம்பளையிடம் வயலைக் கொடுப்பதா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அண்ணாச்சி அந்த நாலு பேர் வீட்டுக்கும் போய்ப் பேசினார். அவர்கள் ஒத்துக்கொண்டது நியாயம் புரிந்து அல்ல, அவர் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதற்காக. எப்படியோ, அக்காவுக்கு வயல் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் நடையே வேறு. ரேஷன் கடையில் சாதம் வடிக்கிற அரிசி வாங்க நிற்கமாட்டாள். ‘எங்களுக்கு நம்ம வயல் நெல்லு இருக்கு’ என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் சேற்றில் நின்றாள் என்று எனக்குத் தோன்றும். அவள் கஞ்சிக்கு உப்பு போல அது.

அண்ணாச்சிக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்த ஒரு வேலை உண்டு. அவர் வீட்டுத் திருநீறு. சிவராத்திரிக்கு முன்பே சாணி உருண்டைகளைக் காயவைத்து, முற்றத்தில் உமியைக் குவித்து, அதற்குள் உருண்டைகளைப் புதைத்துத் தீ வைப்பார். தீ எரியாது, கனியும். இரவும் பகலும் கனிந்து உமியும் உருண்டையும் ஒன்றாக வெந்து விழும். மற்ற வீடுகளில் அவசரப்பட்டுக் கிளறி எடுத்து, உருண்டைக்குள் கருப்பு நின்றுபோய், சலித்தால் நரைத்த நிறத்தில் வரும். அண்ணாச்சி தொடவேமாட்டார். கடைசிக் கருப்பும் போகும்வரை குத்தவைத்துக் காவலிருப்பார். துணியில் சலித்தால் மல்லிகைப்பூ நிறத்தில் விழும். கோயிலுக்கு ஒரு பங்கு, தெருவுக்கு ஒரு பங்கு. நிறுத்தத் தெரியாத மனிதருக்கு உலகத்தில் பொருந்திவந்த ஒரே தொழில் அதுதான். கருப்பு நின்றால் அது நீறு இல்லை, கரி என்பார். கரி என்ற வார்த்தையை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு அருவருப்பு தெரியும்.

அந்த மனிதர்தான் ஓய்வு பெற்ற பிறகு கரியால் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்.

மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தான். அவன் அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று நினைத்தான், எங்கள் பொழுது போயிற்று. முதலில் மூட்டுவலி, பிறகு தேனீ, அப்புறம் பூமி சூடாவது. பூமி சூடாவதில் அண்ணாச்சி நின்றுவிட்டார். ஐப்பசி மழை தப்புவதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டிக் குளத்துக்கரையை உடைப்பதும் அவர் கண்ணால் பார்த்தவை, ஆகவே இந்த விஷயம் அவருக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ச் சேர்ந்தாலும் அது முடிந்திருக்காது.

சொன்ன சங்கதி இதுதான். செடியும் மரமும் காற்றில் கிடக்கிற கரியை இழுத்துத்தான் உடம்பு வளர்க்கின்றன. அவற்றை எரித்தாலும் அழுகவிட்டாலும் அந்தக் கரி திரும்பக் காற்றுக்கே போய்விடும். பாதி எரிந்து தணலாக நிற்கும்போது தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டால் கரியாக உறைந்துபோகும். அந்தக் கரியை மண்ணில் புதைத்தால் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே கிடக்கும், வானத்துக்குப் போகாது. மண்ணுக்கும் நல்லது, கரிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளில் தண்ணீரும் உரமும் தங்கும். ஒன்றே ஒன்று, கரியைப் பச்சையாக மண்ணில் போடக்கூடாது. போட்டால் மண்ணிலிருக்கும் சத்தையும் அது குடித்துவிடும். சாணிக்கரைசலிலோ மாட்டு மூத்திரத்திலோ ஊறவைத்து, அதன் வயிறு நிறைந்த பிறகுதான் போடவேண்டும். பயோசார் என்று பேர்.

பின்னால் நான் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அண்ணாச்சி சொன்னதில் ஒரு வார்த்தை பிழை இல்லை. செய்ததில்தான் இருந்தது.

வீட்டுப் புறவாசலில் ஒரு குழி தோண்டினார். மேலே அகலமாக, அடியில் ஒடுங்கி. ஊரிலுள்ள தென்னைக் கழிவு, சிரட்டை, கதம்பை, கொதும்பு, காய்ந்த மட்டை எல்லாம் அவர் ஸ்கூட்டரில் ஏறி அந்தக் குழிக்கு வந்தன. தீ வைத்தார். தணல் வந்தது. அப்போது தண்ணீர் ஊற்றியிருக்கவேண்டும். அண்ணாச்சி பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தார். உள்ளே ஆங்காங்கே கருப்பு தெரிந்தது. கருப்பு தெரிகிற தீயை அணைக்க அவர் கை வருமா. பரம்பரையாக உமிக்குவியலுக்குக் காவலிருந்த கை. இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டார். வெந்தது. காலையில் குழியில் கிடந்தது மல்லிகைப்பூ நிறத்தில் சாம்பல். அதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் அக்கா மூலமாகக் கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வந்தது இருமல். கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் புகைவாடை அடித்தது. வானத்திலுள்ள கரியைப் பூமிக்குள் இறக்கக் கிளம்பியவர், ஊர்ச் சிரட்டையை எல்லாம் வானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவர் வாழ்நாளில் உண்மையான கரி ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். அதையும் அவர் எடுக்கவில்லை, மழை எடுத்தது. குழி தணலாகக் கிடந்த ஒரு சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிவிட்டது. அண்ணாச்சி குடையோடு ஓடி, பழைய தகரத்தைத் தேடி, குழியை மூடப் பார்த்தார். முடியவில்லை. எல்லாம் அணைந்து, தட்டினால் கண்ணாடிச் சத்தம் வருகிற அருமையான கருங்கரி. அவர் முகம் தொங்கிப்போயிற்று. வீணாகிவிட்டது என்று அதைச் சாக்கில் அள்ளி, அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்து மன்னிப்பும் கேட்டார். அரைவேக்காடுதான், தொழுவத்தில் மாட்டுக்கு வழுக்காமல் போட்டுக்கொள் என்றார். அக்கா போட்டாள். மாடு அதன்மேல் சாணி போட்டு, மூத்திரம் பெய்து, மிதித்துக் கலக்கியது. நாளாவட்டத்தில் தொழுவத்தைக் கூட்டி அள்ளியதெல்லாம் புறவாசல் வாழைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் அந்த ரசகதலி குலை தள்ளியதைத் தெருவே வந்து பார்த்தது. அண்ணாச்சியும் வந்து பார்த்தார். மழையின் மகிமை என்றார். அண்ணாச்சி, அது நீங்கள் கொடுத்த கரி என்று நான் எடுத்துச் சொன்னேன். அந்தக் கரிக்கே இப்படி என்றால் நன்றாக வெந்த கரிக்கு எப்படி இருக்கும் யோசித்துப் பார் என்றார். எனக்கு யோசிக்கப் பயமாக இருந்தது.

கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து அடுத்த போகமான கும்பப்பூவுக்கு விதைக்கும் முன் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குழிக்கரைக்கு அழைத்தார். பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பேச்சுக்குப் பயந்தவர்கள்தான், ஆனால் சம்சாரத்தம்மாள் உளுந்தவடையும் காப்பியும் போடுகிறார் என்ற தகவல் பரவியிருந்தது. அக்காவை மட்டும் முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இந்தக் குழியில் எடுப்பது அவள் வயலுக்கு என்று. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டபோது, அவருடைய வயல்தானே என்றாள். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

குழியில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. அக்கா தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“இதுல ஒரே ஒரு ரகசியம்தாம் உண்டு, கேட்டேளா. மேல லேசா வெள்ளை படியும் பாருங்க, அந்த நொடி. முன்ன ஊத்துனா வெறகு. பின்ன ஊத்துனா சாம்பல். நிப்பாட்டுகதுதாம் வித்தை.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இவ்வளவு தெளிவாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதோடு முடிக்காமல், ஏன் நிறுத்தவேண்டும் என்பதற்குப் போனார். வடதுருவத்தில் பனி உருகுவதற்குப் போனார். கடல் ஏறி வந்தால் எந்தெந்தக் கரையூர் முதலில் போகும் என்று வரிசை சொன்னார்.

“அண்ணாச்சி, வெள்ளை படிஞ்சிட்டு. ஊத்தட்டா?” என்றாள் அக்கா.

“செத்த பொறு மக்ளே. எதுக்கு ஊத்துகோம்னு இவங்களுக்கு வெளங்கண்டாமா?”

அவர் விளக்கினார். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை அண்ணாச்சி என்றாள். அவர் ஒரு விரலைக் காட்டினார். குழிக்குள் சிவப்பு மெல்ல மெல்ல அடங்கியது. வடையின் வாசனை வந்தது. தீயை எந்த நொடியில் நிறுத்தவேண்டும் என்று அவர் பேசிமுடித்தபோது நிறுத்துவதற்குத் தீ இல்லை. அக்கா குடத்தைக் கீழே இறக்கிவைத்தாள்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். குழி நிறைய வெள்ளை. அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னவென்று சொல்ல. சிவசிவா என்று மூன்று விரலால் தொட்டு நெற்றியில் இழுத்தார். வந்திருந்த வயல்காரர்கள் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை நீட்டினார்கள். அவரும் ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்தார். பூமியைக் காக்க வந்த கூட்டம் நெற்றி நிறையத் திருநீறோடு வடை தின்னப் போயிற்று.

நான் மட்டும் பின்தங்கி, இது கரி இல்லையே, சாம்பல் அல்லவா என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“கரி நல்லா வெந்தா இப்பிடித்தாம்லே ஆகும். பாதி வெந்தத நான் மண்ணுக்குக் குடுக்க மாட்டேன்.”

மண்ணுக்குக்கூட அரைகுறையாக எதையும் கொடுக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றெரிச்சலும்.

நாற்றங்காலில் கொஞ்சம் சாம்பல் தூவுவது எங்கள் பக்கம் வழக்கம்தான். மண் பொலபொலவென்று இருக்கும், நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறாமல் வரும். அதனால் ஒரு கூடை போதும் என்று அக்கா சொன்னாள். ஒரு கூடை போட்டார். சேறு அதை விழுங்கிவிட்டது, போட்ட தடம் தெரியவில்லை. தடம் தெரியாமல் ஒரு வேலையை முடித்துவிட்டுப் போகிற ஆளா அவர். இன்னொரு கூடை. பிறகு கூடை இல்லை, சாக்கு. முளைகட்டிய விதையை அக்கா பாவி முடித்தபின் மேலாகவும் ஒரு சாக்கு தூவினார். நாற்று விரல் உயரம் வந்த பிறகு ஸ்கூட்டரில் வந்து அதன் தலையிலும் போட்டார். வேண்டாம் அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி என்று அக்கா வரப்போடு வரப்பாக அவர் பின்னால் நடந்ததைப் பக்கத்து வயல்காரர் எனக்கு நடித்தே காட்டினார். அவர் நடிப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நாற்று முதலில் மஞ்சளாயிற்று. பிறகு நுனி காய்ந்தது. நான் போனபோது நாற்றங்காலில் கால் வைத்தேன், சேறு சவுக்காரம் தேய்த்த மாதிரி வழுக்கியது. அவ்வளவு காரம் ஏறியிருந்தது. அண்ணாச்சி வரப்பில் நின்று, மண் பழகவேண்டும், புது மருமகள் வீட்டுக்குப் பழகுவதில்லையா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்று பழகவில்லை, செத்தது. சுற்றி எல்லா வயலிலும் உழுது, மரமடித்துச் சமப்படுத்தி, நடவுக்குத் தயாராகிவிட்டார்கள். அணைத் தண்ணீர் கால்வாயில் வருகிற நேரம். இப்போது நடாவிட்டால் கதிர் பால் பிடிக்கும்போது தண்ணீர் இருக்காது. மறுபடி விதை பாவி நாற்று எடுக்க நேரம் கிடையாது.

மறுநாள் காலை அண்ணாச்சி நாற்றங்காலுக்கு வைத்தியம் பார்க்க இன்னொரு சாக்கோடு வந்து சேர்ந்தார். அக்கா சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வயலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி அவளைப் பார்த்தார், நாற்றங்காலைப் பார்த்தார். சாக்கை ஸ்கூட்டரிலிருந்து இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் வந்தது முதல் நாற்றுக்கட்டு. ஊரில் முந்திக்கொண்டு நடவு முடித்தவர்கள் மிச்ச நாற்றை வரப்பிலேயே விட்டுவிடுவார்கள், கேட்டால் கொடுப்பார்கள். அண்ணாச்சி கேட்டார். அவர் கேட்கத் தொடங்கினால் கொடுப்பது லாபம். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு வரப்பாக, தக்கலை தாண்டியும் போய்க் கேட்டிருக்கிறார். என் ஆபீஸ் வாசலிலேயே ஒருநாள் பார்த்தேன், ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் நாற்று, சட்டையெல்லாம் சேறு, கண்கள் சிவந்து. காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். நாற்று வாடிவிடும் என்று வரவில்லை. அவர் பேச நேரமில்லாமல் போன நாட்கள் அவை. அப்போது அவர்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் வந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

அக்கா எழுந்தாள். ஆட்களைக் கூப்பிட்டு வந்த நாற்றை வந்தபடி நட்டாள். வயல் நிறைந்தது. போதும் அண்ணாச்சி என்று சொன்னாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். நட இடமில்லாமல் வரப்போரம், வாய்க்கால் விளிம்பு, தென்னை அடிமூடு என்று நாற்றை ஊன்றினார்கள். வீட்டு வாசலில் கட்டுகள் குவிந்து மாடு தின்றது.

ஆனால் அவர் கேட்டு வாங்கியதே ஒழிய, என்ன நெல் என்று கேட்கவில்லை. குட்டை நெல், நெட்டை நெல், சிவப்பரிசி நெல், சீக்கிரம் விளைவது, மெதுவாக விளைவது, எல்லாம் ஒரே வயலில் தோளோடு தோள் நின்றன. தை கடந்து பார்த்தால் ஒரு பத்தி பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்துப் பத்தி பச்சையாக நிற்கிறது, நடுவில் ஒன்று அப்போதுதான் கதிர் விடுகிறது. அறுப்பு மிஷின்காரர் வரப்பு வரைக்கும் வந்து, பார்த்து, தலையில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு பழுத்த பத்தியைத் தேடித் தேடித் தனியாக அறுத்தாள். பழுத்ததை அறுக்கும்போது பச்சை மிதிபட்டது. பச்சை பழுக்கும்முன் பழுத்தது உதிர்ந்தது. பின்னால் வந்த கதிருக்குத் தண்ணீர் இல்லை, பாதிக்குமேல் பதர். அண்ணாச்சி வரப்பில் நின்று, ஒரே வயலில் பல நெல் விளைவதுதான் பருவநிலை மாற்றத்துக்குச் சரியான பயிர்முறை என்று அடுத்த வயல்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சத்தியமாக. என் காதால் கேட்டேன்.

அவருக்கு அளக்கவேண்டிய பாட்டநெல்லை அக்கா குறைவில்லாமல் அளந்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அவர் முற்றத்தில் கொட்டினாள். இனிமேல் எனக்கு வயல் வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு அன்று காது நன்றாகக் கேட்டிருக்கிறது. இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

அண்ணாச்சி அதை நம்பவே இல்லை. கோபத்தில் சொல்கிறாள், கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கினால் தானாக வருவாள் என்று திரிந்தார். ஊரெல்லாம் உழுதார்கள். அவர் வயலில் புல் முளைத்தது. வேறு ஆளுக்குப் பாட்டம் கொடுத்துப் பார்த்தார், வயலோடு அவரும் வருவார் என்பது தெரிந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அக்காவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்தத் தடவை குழியில் தண்ணீரை அவளே ஊற்றிக்கொள்ளலாம், எப்போது ஊற்றினாலும் தான் வாய் திறக்கமாட்டேன் என்றார். சாணிக்கரைசலில் ஊறவைத்துத்தான் வயலுக்கு வரும் என்றார். இந்த ஒரு வயல் சரியாக வந்தால் பூதப்பாண்டி பூராவும் செய்யும், பூதப்பாண்டி செய்தால் ஜில்லாவே செய்யும் என்றார். உலகம் சூடாவதற்காக ஒரு மனிதர் நிஜமாகவே கெஞ்சி அன்றுதான் பார்த்தேன்.

என் கையில் ஒரு மூட்டை இருந்தது. எங்கே வைக்க என்று அக்காவிடம் கேட்டேன். அடுக்களை வாசலில் வை என்றாள்.

“அது என்ன மக்கா?” என்றார் அண்ணாச்சி, பேச்சோடு பேச்சாக.

அக்காதான் பதில் சொன்னாள். “அரிசி அண்ணாச்சி. தக்கலை கடையில இவன்கிட்ட வாங்கியாரச் சொன்னேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தாம். நெல்லு சித்திரையோட தீந்துட்டு.”

அண்ணாச்சி அடுத்து ஏதோ சொல்ல வந்தவர் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் பேர் பெரிய எழுத்தில் சிவப்பாக அச்சடித்திருந்தது.

“அண்ணாச்சி,” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. “ஒங்களுக்கு நிப்பாட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நிப்பாட்டியாச்சு.”

அவள் எழுந்துபோய் மூட்டையின் வாயைப் பிரித்து, அவருக்கும் சேர்த்து அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அண்ணாச்சி போகவும் இல்லை, பேசவும் இல்லை. சோறு வெந்ததும் இலை போட்டாள். அந்தக் கடைச்சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று, கைகழுவிவிட்டு, என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனார்.